திங்கள் ஐந்து மணி, வியாழன் ஐந்து மணி

தேனு ஆற்றங்கரை, நார்வே பக்கம்
9 ஏப்ரல் 1980

அன்பு மகள் ரவ்னாவுக்கு,

அப்பா எழுதுவது. முழங்கால் ஒன்றைத் தவிர என் உடம்பில் மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. த்ரோம்ஸோவில் உனக்குச் சாப்பாடு, தூக்கம் இரண்டும் கிடைக்கிறதா? ஆஸ்பத்திரியில் மற்றவர்களுக்கு ஊட்டிவிட்டு நீ வெறும் காபியோடு நிற்பாய் என்று எனக்குத் தெரியும்.

ஈஸ்டர் அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளச் சொல்லி நம் அரசாங்கம் ரேடியோவில் அறிவித்ததே, கேட்டாயா? வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கவாம். இன்னும் ஐந்து வாரம் போனால் இங்கே சூரியன் படுக்கவே போகாது. அதில் எதை மிச்சம் பிடித்து எந்தப் பெட்டியில் வைப்பார்களோ, எனக்குப் புரியவில்லை. ஏழாம் வகுப்போடு நின்றவனுக்குப் புரியக் கூடாது என்றுதான் இப்படிச் சட்டம் போடுகிறார்கள் போல. இருந்தாலும் நாற்காலி மேல் ஏறி, சமையலறைக் கடிகாரத்தின் முள்ளைத் தள்ளிவிட்டேன். மாட்டுக்கு மட்டும் அறிவிப்பு போய்ச் சேரவில்லை. பால் கறக்கப் போனால், இவன் ஏன் தூக்கத்தில் வருகிறான் என்பது போல என்னைப் பார்க்கிறது.

மறுநாள் உன் மாமா சாம்மோல் எதிர்க்கரையிலிருந்து உறைந்த ஆற்றின்மேல் நடந்து வந்தார். அவர்கள் பின்லாந்துக்காரர்கள் அல்லவா, கடிகாரத்தைத் தொடவில்லை. வாசலில் நின்றே ஆரம்பித்துவிட்டார். "பொறந்ததுலேர்ந்து நாங்க உங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி. இப்பத்தான் ஓடி வந்து சேந்திருக்கீங்க. மூச்சு வாங்குதா மச்சான்?"

"காபி வேணுமா, இல்ல கடிகாரம் பாக்க வந்தியா?" என்றேன். மூன்று கோப்பை குடித்தார்.

போர்வையை இறுக்கிப் போர்த்திக்கொண்டு தூங்கு.

உன் அப்பா
ஆஸ்லாட்

த்ரோம்ஸோ
2 மே 1980

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாகவே இருக்கிறேன், சாப்பிடுகிறேன், சத்தியமாக. முழங்காலுக்கு அனுப்பிய தைலத்தை மாட்டுக்குத் தடவிவிடாதீர்கள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். தோர்கெய்ரைப் பற்றிப் போன வருடம் எழுதினேனே, கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறவர். நாங்கள் கல்யாணம் செய்துகொள்வதாக முடிவு செய்திருக்கிறோம். செப்டம்பர் 27, சனிக்கிழமை, நம் ஊர்த் தேவாலயத்தில். அவர் தெற்கே பிறந்தவர், நம் நதியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். வலை போட எதற்கு நாள் கிழமை எல்லாம் என்கிறார். நீங்களே எழுதுங்கள், வாசித்துக் காட்டுகிறேன்.

இன்னொன்று அப்பா. அம்மா நிற்க வேண்டிய இடத்தில் மாமா நிற்க வேண்டும். அந்த இடத்தை வெறுமனே விட்டுவிட்டு என்னால் உள்ளே நடந்து போக முடியாது. நீங்களே போய்க் கேளுங்கள். நான் எழுதினால் அவர் பதில் போட ஒரு மாதம் யோசிப்பார்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
ரவ்னா

தேனு ஆற்றங்கரை
10 ஜூன் 1980

அன்பு மகளுக்கும், இன்னும் நேரில் பார்க்காத மருமகனுக்கும்,

இருவரும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு என்ன குறை. உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன், பிறகு மாட்டுக்கும் படித்துக் காட்டினேன்.

பனி உடைந்து ஆறு திறந்ததும் உன் மாமாவிடம் போய்க் கேட்டுவிட்டேன். அவர் பைப்பை வாயிலிருந்து எடுத்தார், மறுபடி வைத்தார், மறுபடி எடுத்தார். "என் தங்கச்சி எடத்துல நான் நிக்காம வேற எவன் நிப்பான்?" என்றார். கண்ணைத் துடைத்துவிட்டு, புகை என்றார். பைப் அணைந்துதான் கிடந்தது.

மருமகனே, நதிக் கணக்கைக் கேட்டாயாமே. இங்கே சால்மனுக்கு வலை போடுவது திங்கள் மாலை ஆறு மணி முதல் வியாழன் மாலை ஆறு மணி வரைதான். மிச்ச நாள் மீனுக்கு விடுமுறை. இரண்டு நாட்டுக்கும் பொதுவான நதி என்பதால் அதற்கு ஒரே கடிகாரம், பின்லாந்துக் கடிகாரம். அங்கே ஆறு அடித்தால் நம் வீட்டில் ஐந்துதான் அடிக்கும். ஆகவே உன் மாமனார் முப்பத்தொரு வருடமாகச் சமையலறைக் கடிகாரத்தில் ஐந்தைப் பார்த்ததும் படகை இறக்குகிறவர். வலை உரிமை வீட்டோடும் நிலத்தோடும் சேர்ந்தது. எனக்குப் பின் அது ரவ்னாவுக்கு. நீ நீச்சல் பழகிக்கொள்.

இந்த வருடம் ஒரு புதுமை. இரண்டு திங்கள் ஆயிற்று, இரண்டிலும் நான்தான் முதல் ஆள். ஆற்றில் ஒரு ஈ காக்கை இல்லை. நான் வலையைப் போட்டு, வீட்டுக்கு வந்து, காபி குடித்த பிறகுதான் மற்ற படகுகள் இறங்குகின்றன. இரண்டு கரையிலும் ஆட்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள். ஐம்பத்தாறு வயதில் எனக்குத்தான் சுறுசுறுப்பு வந்திருக்கிறது. மீனும் நன்றாக விழுகிறது. கல்யாணத்துக்கென்று ஒரு பீப்பாய் மீனுக்கு உப்புப் போட ஆரம்பித்துவிட்டேன்.

இருவருக்கும் என் ஆசி.

அப்பா

த்ரோம்ஸோ
8 ஜூலை 1980

அன்புள்ள அப்பாவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு வேலை அதிகம், அதனால்தான் தாமதம்.

கல்யாணத்துக்கு மீன் சேர்க்க வேண்டாம். இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். சேர்த்ததை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

மாமா எழுதியிருந்தார். ஒன்றுமில்லை, சும்மாதான். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

ரவ்னா

தேனு ஆற்றங்கரை
16 ஜூலை 1980

அன்பு மகளுக்கு,

நலமாக இருக்கிறாயா என்று இந்த முறை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். உன் கடிதத்தில் எழுத்து இருந்தது, ஆனால் நீ இல்லை.

மீன் வேண்டாம் என்கிறாய். சம்பந்தி வீட்டார் மீன் சாப்பிடாதவர்களா? அப்படியென்றால் சொல், கலைமான் இறைச்சிக்கு ஏற்பாடு செய்கிறேன். கல்யாணமே வேண்டாம் என்று ஆகிவிட்டதா? அதையும் சொல்லிவிடு. எனக்குத் தெரியாமல் எனக்கு என்னவோ நடக்கிறது.

உன் மாமா என்னோடு பேசி மூன்று வாரம் ஆகிறது. அக்கரையில் வலையைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் கையை ஆட்டினால் ஆகாயத்தைப் பார்க்கிறார். ஒரு நாள் நானும் ஆகாயத்தைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

கடைக்குப் போனால் அங்கேயும் இதே கதை. நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. அப்புறம் கடைக்கார ஹெயைகா கேட்டான், "என்ன ஆஸ்லாட்டண்ணே, உன் வீட்டுக் கடிகாரம் மட்டும் ரொம்ப வேகமா ஓடுதாமே?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். என்ன வேடிக்கை என்று தெரியாமலே சிரிப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. வெளியே வந்து பாதி வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. சர்க்கரை வாங்கப் போனவன் சர்க்கரையையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரிந்தால் எழுது. உன் முகத்தை நினைத்துக்கொண்டு,

அப்பா

தேனு ஆற்றங்கரை
26 ஜூலை 1980

அன்பு ரவ்னாவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால்காரனைப் பார்த்துப் பார்த்து, இப்போது அவனே என்னைக் கண்டால் வேறு பக்கம் போகிறான்.

ஆனால் வேறொரு கடிதம் வந்தது. ஆற்றைக் கண்காணிக்கும் அலுவலகத்திலிருந்து. குறித்த நேரத்துக்கு முன்பே நான் வலை போடுவதாகப் புகாராம், சாட்சி இருக்கிறதாம். ஆகஸ்டு 27, புதன், காலை பத்து மணிக்கு நேரில் வர வேண்டும். குற்றம் உறுதியானால் வலை உரிமை போய்விடும், அதாவது இந்த வீட்டுக்கே இனி அது கிடையாது, உனக்கும் இருக்காது.

நான் சிரித்துவிட்டேன். என் கல்யாணத்துக்கே தாமதமாகப் போனவன் நான். உன் அம்மா தேவாலய வாசலில் குளிரில் நின்றாள், அதை அவள் கடைசிவரை சொல்லிக் காட்டினாள். என்னைப் போய் முந்திக்கொண்டவன் என்றால் யார் நம்புவார்கள்?

அப்புறம் யோசித்தேன். கடையில் சிரித்தவர்கள் எல்லோரும் நம்பியிருக்கிறார்கள்.

நீ சுகமா என்று மட்டும் ஒரு வரி போடு.

அப்பா

த்ரோம்ஸோ
1 ஆகஸ்டு 1980

அப்பா,

நான் சுகம். பதில் போடாததற்கு என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.

ஜூன் கடைசியில் மாமா எழுதிய கடிதத்தில் இருந்ததை அப்படியே தருகிறேன். "உன் அப்பன் திங்கள்தோறும் ஒரு மணி நேரம் முன்னால் வலை போட்டுத் திருடுகிறான். ஊர் கைகொட்டிச் சிரிக்கிறது. அந்த மீனைப் பரிமாறும் கல்யாணத்தில் என் தங்கை இடத்தில் நான் நிற்க மாட்டேன். இதை அவனிடம் சொல்லாதே. அவனே வந்து சொல்லட்டும்."

நான் நம்பினேன். எனக்காகத்தான், கல்யாணத்துக்காகத்தான் செய்கிறீர்கள் என்று நினைத்தேன். அதனால்தான் மீன் வேண்டாம் என்றேன். இதைக் கேட்பதற்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். எத்தனை மணிக்கு வலை போடுகிறீர்கள்? எந்தக் கடிகாரத்தைப் பார்த்து?

ரவ்னா

தேனு ஆற்றங்கரை
6 ஆகஸ்டு 1980

அன்பு மகளுக்கு,

உன் அப்பா ஒரு முட்டாள். இதை எழுத மூன்று தாள் கிழித்தேன்.

உன் கடிதம் வந்ததும் நாற்காலியைப் போட்டு, சமையலறைக் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தேன். ஐந்து அடித்தது. எழுந்தேன். வாசல்வரை போன பிறகுதான், இன்றைக்குத் திங்கள் இல்லையே என்று நினைவு வந்தது. ஐந்து அடித்தால் கால் தானாக எழுந்துகொள்கிறது, அம்மா. அந்தக் கால் எழுந்தால் பின்லாந்தில் ஆறு என்று அர்த்தம். முப்பத்தொரு வருடம் அது சரியாக இருந்தது. ஏப்ரலில் முள்ளைத் தள்ளியது இந்தக் கைதான். இனி அங்கே ஐந்தென்றால் இங்கேயும் ஐந்துதான் என்று வாய் சொன்னது, காது கேட்டது. காலுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஜூன் 2 முதல் நேற்று முன்தினம் வரை பத்து திங்கள். சுறுசுறுப்பு என்று உனக்குப் பெருமையாக எழுதினேனே, அதுதான் திருட்டு.

அலுவலகத்தில் போய் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நேரம் மாறியது தெரியுமா என்று கேட்பார்கள். தெரியும் என்றுதான் நான் சொல்ல வேண்டும், பொய் சொல்ல முடியாது. தெரிந்தும் தெரியாமல் செய்தேன் என்று எந்த அதிகாரி ஒப்புக்கொள்வான்? எனக்கே கேட்க நன்றாக இல்லை. போய்த் தலையைக் குனிந்துகொண்டு வருகிறேன். உரிமை போனால் போகட்டும். உன் மாமாவிடம் மட்டும் நான் போக மாட்டேன். திருடன் என்று எழுதியவர், அதற்கு முன் ஒரு தடவை ஆற்றைத் தாண்டி வந்து கேட்டிருக்கலாம். இருநூறு அடி அகலம்தான்.

அம்மா இடத்தில் நிற்க வேறு யாரையாவது பார். நீ என்னை நம்பினால் போதும். நம்பாவிட்டாலும் சாப்பாட்டை விடாதே.

அப்பா

த்ரோம்ஸோ
11 ஆகஸ்டு 1980

அன்புள்ள அப்பாவுக்கு,

நம்புகிறேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், மற்றதை மெதுவாகப் படியுங்கள்.

உங்கள் கடிதத்தைத் தோர்கெய்ருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்று கேட்டார்: "கால் திங்கள்கிழமை மட்டும்தான் அஞ்சு மணிக்கு எழுந்திருக்குமா? வியாழக்கிழமை?"

அப்பா, வியாழன் வலையை எடுப்பதும் ஐந்து மணிக்குத்தானே? ஆறு வரை நேரம் இருக்க, நீங்கள் ஐந்துக்கே தூக்கியிருப்பீர்கள். திங்கள் ஒரு மணி நேரம் எடுத்தவர், வியாழன் ஒரு மணி நேரத்தை விட்டிருக்கிறீர்கள். எந்தத் திருடன் அப்படிச் செய்வான்?

அதை யார் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நீங்கள் அவரிடம் போக மாட்டீர்கள், அவர் உங்களிடம் வர மாட்டார். நீங்கள் இருவரும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். நானே மாமாவுக்கு எழுதிவிட்டேன்.

உங்கள் மகள்
ரவ்னா

தேனு ஆற்றங்கரை, பின்லாந்து பக்கம்
19 ஆகஸ்டு 1980

மருமகள் ரவ்னாவுக்கு மாமா சாம்மோல் எழுதுவது.

நலம். மாமிக்கும் நலம். உன் கடிதம் கிடைத்தது.

பார்த்தேன். ஒரு வியாழன் விடாமல் பார்த்தேன். ஐந்து மணிக்கு உன் அப்பன் வலையைத் தூக்கிக்கொண்டு போவான்.

அதிகாரி வந்தபோது திங்கள்கிழமையைப் பற்றிக் கேட்டார். திங்கள்கிழமையைப் பற்றிச் சொன்னேன். வியாழக்கிழமையைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லும் வழக்கம் எனக்குக் கிடையாது.

27ஆம் தேதி பத்து மணிக்கு அங்கே இருப்பேன். உன் அப்பனிடம் சொல்ல வேண்டியதில்லை.

வேறு விஷயங்கள் நேரில்.

சாம்மோல்

தேனு ஆற்றங்கரை
29 ஆகஸ்டு 1980

அன்பு ரவ்னாவுக்கும் மருமகனுக்கும்,

நான் சுகம். எவ்வளவு சுகம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

புதன்கிழமை முதல் பஸ் பிடித்து ஒன்பதரைக்கே போய்விட்டேன். அதிகாரி ஹெர்மான்ஸன் சின்ன வயசுக்காரன், மேசையில் எல்லாம் நேர்நேராக அடுக்கி வைத்திருந்தான். எதிர்க்கரைச் சாட்சி ஒருவர் வருவதாகத் தகவல் என்று பத்தேகால் வரை காத்திருந்தான். யாரும் வரவில்லை. நானும் யார் என்று கேட்கவில்லை.

"ஏப்ரல்ல நேரம் மாறினது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பின்னே?"

"எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியல."

அவன் சிரிக்கவில்லை. வியாழக்கிழமை ஐந்துக்கே தூக்கியதைச் சொன்னேன். "யார் பாத்தாங்க?" என்றான். உன் மாமா பெயரை நான் சொல்லவில்லை. அவர் பெயரைச் சொல்லி, அவரும் இல்லை என்றுவிட்டால்? பத்தே முக்காலுக்கு எழுதி முடித்தான். வலை உரிமை ரத்து. கையெழுத்துப் போடச் சொன்னான். போட்டேன். உறையில் வைத்து நாக்கால் ஈரம் தொட்டு ஒட்டினான். பஸ் மதியத்துக்குத்தான், அதனால் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். உனக்கு என்ன எழுதுவது என்று யோசித்தேன். ஒரு வரி கூட வரவில்லை.

சரியாகப் பதினொன்றுக்குக் கதவு திறந்தது. உன் மாமா. திருவிழாவுக்குப் போடும் நீல அங்கி, தண்ணீர் தொட்டுச் சீவிய தலை, கையில் கைக்கடிகாரத்தை அவிழ்த்துப் பிடித்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"சாட்சி வந்திருக்கேன். பத்து மணி," என்றார்.

"பதினொன்னு ஐயா. விசாரணை முடிஞ்சிடுச்சு."

"முடிஞ்சிடுச்சா? ஆரம்பிக்கிற நேரத்துல முடிக்கிற ஆபீசை இப்பத்தான் பாக்கறேன். பின்லாந்துல பதினொன்னு. உங்க ஊர்ல பத்து. நான் கணக்குத் தெரியாதவன் இல்ல."

ஹெர்மான்ஸன் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினான். உன் மாமா அதைப் பார்த்தார். கையில் இருந்ததைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். அப்புறம், இரண்டு மாதத்துக்குப் பிறகு, என்னைப் பார்த்தார்.

"இந்த வருஷக் கோடையில ரெண்டு ஊருக்கும் ஒரே நேரம்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான் ஹெர்மான்ஸன். குரல் மாறியிருந்தது.

"தெரியும்."

"பின்னே?"

உன் மாமா அங்கியின் கழுத்தைத் தளர்த்திக்கொண்டார். "நார்வேக்குள்ள வந்தா ஒரு மணி நேரம் கழிச்சுக்குவேன். எப்பவும் கழிப்பேன். கழிச்சிட்டேன்."

ஹெர்மான்ஸன் கொஞ்ச நேரம் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தான். பிறகு ஒட்டிய உறையை எடுத்துக் கிழித்தான். "உக்காருங்க ஐயா. வியாழக்கிழமையைப் பத்திச் சொல்லுங்க," என்றான். கேட்டான் அல்லவா, அதனால் உன் மாமா சொன்னார். ஒரு வியாழன் விடாமல் சொன்னார். புதிதாக எழுதிய தாளில், கவனக்குறைவு, எச்சரிக்கை, அவ்வளவுதான். உரிமை இருக்கிறது. எனக்கும், எனக்குப் பின் உனக்கும்.

வெளியே வந்ததும், "படகுல வந்தேன். ஏறு," என்றார். ஏறினேன். ஐந்து நிமிடம் ஆற்றை எதிர்த்துப் போயிருப்போம், இஞ்சினை அணைத்துவிட்டார்.

"வியாழக்கிழமை நீ அஞ்சுக்கே வலையைத் தூக்கிட்டுப் போவே இல்ல?"

"ஆமா."

"அந்த ஒரு மணி நேரம் உன் பக்கத்து மீனெல்லாம் என் பக்கம் வரும்."

அவர் விரல்விட்டு எண்ணினார்.

"ஒம்பது மீன், மச்சான். ஒண்ணு பதினாலு கிலோ. அதிகாரி வியாழக்கிழமையைப் பத்திக் கேக்கலேன்னு உன் பொண்ணுக்கு எழுதினேன். கேக்காதது நெசம். கேட்டுடுவானோன்னு பயந்ததும் நெசம்."

"அப்போ என்கூடப் பேசாம இருந்தது?"

"திங்கக்கிழமை உன்மேல கோவம். வியாழக்கிழமை எனக்கே வெக்கம். நடுவுல ரெண்டும் கலந்து வரும், எது எதுன்னு தெரியாது. உனக்குச் சிரிப்பா இருக்கா? சிரிக்காத, படகு ஆடுது."

அவரும் சிரித்தார். அதனால் படகு நன்றாகவே ஆடியது. அந்த ஒன்பது மீனையும் தொடாமல் உப்புப் போட்டு வைத்திருக்கிறாராம், உன் கல்யாணத்துக்கு. என் பீப்பாயையும் அவர் பீப்பாயையும் சேர்த்தால் யார் நேரத்து மீன் எது என்று கண்டுபிடிக்க எந்த அதிகாரியாலும் முடியாது.

இதையெல்லாம் பேசி முடித்து நிமிர்ந்தால், படகு ஆற்றோடு கீழே மிதந்து போய், அலுவலகத் துறைக்கே மறுபடியும் வந்திருந்தது. ஹெர்மான்ஸன் வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். உன் மாமா அவனுக்குத் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். நானும் தூக்கினேன். அவனும் கையை ஆட்டினான் பாவம், வேறு என்ன செய்வான்.

செப்டம்பர் 27ஆம் தேதி உன் அம்மா இடத்தில் அவர் நிற்பார். அங்கியை இப்போதே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். எத்தனை மணிக்கு என்பதை மட்டும் நீ அவருக்குத் தனியாக எழுது. நான் சொன்னால் நம்ப மாட்டார். அவர் சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

சந்தோஷமாக இருக்கும்
அப்பா